யுனைடெட் 93 விமானத்தைக் கடத்திய ஸியாத் ஜர்ரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் 19 பேர் நான்கு பயணிகள் விமானங்களைக் கடத்தினார்கள். இரண்டு விமானங்கள் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களில் மோதின. ஒன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் மோதியது. நான்காவதான யுனைடெட் 93 மட்டும் பென்சில்வேனியாவில் ஒரு வெற்று வெளியில் விழுந்தது. விழுந்தபோது அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் லெபனானைச் சேர்ந்த ஸியாத் ஜர்ரா, வயது 26.

அந்தப் பத்தொன்பது பேரில் எளிதில் புரிந்துகொள்ள முடியாத ஆள் இவன்தான். காதலி இருந்தாள், பாசமான குடும்பம் இருந்தது, பணத்துக்குக் குறைவில்லை. அமெரிக்காவை விட்டுக் கிளம்பிப் போகவும் அவனால் முடிந்தது. போனான், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தான். இவனைப் பற்றிய கேள்விகளில் பாதி, ஏன் திரும்பி வந்தான் என்பதில்தான் வந்து நிற்கும்.

எந்த மாதிரிக் குடும்பத்தில் பிறந்தவன்?

1975 மே மாதம் லெபனானில் பிறந்தான். லெபனான் உள்நாட்டுப் போர் தொடங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா அரசு வேலையில் இருந்தார், அம்மா ஆசிரியை. மதத்தில் பெரிய கெடுபிடி இல்லாத வசதியான சன்னி முஸ்லிம் குடும்பம். பையனைப் படிக்க வைத்ததே தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளில்தான்.

வறுமை, அவமானம், அகதி முகாம் என்று நாம் வழக்கமாகத் தேடும் காரணம் எதுவும் இங்கே கிடைக்காது. போரின் நடுவே வளர்ந்தான் என்பது உண்மைதான். ஆனால் அதே போரில் அதே வயதில் வளர்ந்த லட்சக்கணக்கான பேர் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், வெளிநாடு போய்ச் செட்டில் ஆனார்கள். போரைக் காரணமாகக் காட்டுவது எனக்கு அவ்வளவாகத் திருப்தி தரவில்லை.

ஜெர்மனிக்கு ஏன் போனான்?

படிக்கத்தான். 1996 ஏப்ரலில் உறவுக்காரப் பையன் ஒருவனோடு வடகிழக்கு ஜெர்மனியில் உள்ள கிரைஃப்ஸ்வால்ட் என்ற சின்ன ஊருக்குப் போனான். முதலில் ஜெர்மன் மொழி, அப்புறம் பல் மருத்துவம் என்பது திட்டம். பெய்ரூட்டில் எந்த டிஸ்கோ நல்லது, எந்தக் கடற்கரை நல்லது என்று தெரிந்த ஆள் என்ற பெயரோடுதான் போய் இறங்கினான். மாணவர் விருந்துகளுக்குப் போனான், பீர் குடித்தான். துருக்கியிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மாணவியோடு காதலும் அங்கேதான் தொடங்கியது. அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எந்தக் குற்றமும் செய்யாதவர்.

அப்படியானால் எப்போது மாறினான்?

இந்த நாள், இந்த நிகழ்வு என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 1996ஆம் ஆண்டின் கடைசியில் லெபனானுக்குப் போய்விட்டு வந்த பிறகு ஆளில் ஒரு மாற்றம் தெரிந்ததாக அவனைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஜிஹாத் பற்றிய அரபுப் பிரசுரங்களைப் படித்தான், நண்பர்களிடம் அதைப் பற்றியே பேசினான். இயற்கையான சாவு தனக்கு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறான்.

1997 செப்டம்பரில் பல் மருத்துவத்தைத் திடீரென்று விட்டுவிட்டு, விமானப் பொறியியல் படிக்க ஹாம்பர்க் நகரத்துக்கு மாறினான். சின்ன வயதிலிருந்தே பொம்மை விமானங்கள் பிடிக்கும் என்று காரணம் சொன்னான். அமெரிக்க அரசு அமைத்த விசாரணை ஆணையம் இதை நம்பவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. விமானங்களைக் கொண்டு மோதும் திட்டத்துக்கு 1997இல், தாக்குதலை நடத்திய அல் கொய்தா இயக்கத்தின் தலைமையே இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. ஆகவே அன்றே விமானம் கடத்தத் தயாரானான் என்று படிப்பது தவறு.

1999 வாக்கில் தாடி வளர்ந்திருந்தது, தொழுகை தவறுவதில்லை. காதலியின் உடையையும் அவள் மத விஷயத்தில் அக்கறை காட்டாததையும் குறை சொல்ல ஆரம்பித்தான். ஹாம்பர்க் நண்பர்களுக்கு அவளை அறிமுகம் செய்யவே மறுத்தான். அவர்கள் பக்தியானவர்களாம், இவளால் அவனுக்குச் சங்கடமாம். சண்டை வரும், பிரிவார்கள், கொஞ்ச நாளில் மறுபடி சேர்ந்துவிடுவார்கள். அந்த வருடம் ஒரு நாள், தான் ஜிஹாதுக்குப் போகப்போவதாக அவளிடமே சொன்னான்.

ஹாம்பர்க் நண்பர்கள் என்றால் யார்?

முக்கியமானவர்கள் மூன்று பேர். எகிப்தைச் சேர்ந்த முகமது அத்தா, ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மர்வான் அல் ஷேஹி, ஏமனைச் சேர்ந்த ராம்சி பின் அல் ஷிப். இந்த மூவரும் மரீன் தெரு 54ஆம் எண் வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அல் குத்ஸ் மசூதியில் கூடுவார்கள். ஜர்ரா அந்த வீட்டில் குடியிருக்கவில்லை. கூட்டத்தில் ஒருவன்தான், ஆனால் சற்றுத் தள்ளியே நின்றான். இந்த இடைவெளி கடைசிவரை இருந்தது, பிறகு அத்தாவோடு மோதலாகவும் ஆனது.

செச்சினியாவுக்குப் போக நினைத்தவர்கள் ஆப்கானிஸ்தானுக்கு எப்படிப் போனார்கள்?

உண்மையில் அவர்கள் செச்சினியாவுக்குப் போய் ரஷ்யாவை எதிர்த்துச் சண்டை போடத்தான் ஆசைப்பட்டார்கள். ரயிலில் தற்செயலாகச் சந்தித்த ஒருவர் மூலம் டூயிஸ்பர்க் நகரில் ஒரு தொடர்பு கிடைத்தது. செச்சினியாவுக்குள் நுழைவது இப்போது கஷ்டம், முதலில் ஆப்கானிஸ்தானில் பயிற்சி எடுங்கள் என்று அங்கே யோசனை சொன்னார்கள். 1999 நவம்பர் கடைசியில் நால்வரும் தனித்தனியாகக் கிளம்பி, கராச்சி வழியாகக் கந்தஹார் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அல் கொய்தா தலைவன் பின் லேடனைச் சந்தித்து விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள்.

அல் கொய்தாவுக்கு இது அடித்த அதிர்ஷ்டம். விமானத் திட்டத்துக்கு முதலில் ஆள் தேர்வானபோது, மேற்கு நாட்டில் வாழத் தெரிந்தவர்களோ ஆங்கிலம் பேசுபவர்களோ கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெர்மனியில் படித்த நான்கு பேர் தாங்களாகவே வாசலில் வந்து நின்றார்கள். 2000 ஜனவரியில் அத்தாவும் ஜர்ராவும் உயில் வாசிக்கும் காட்சி அங்கே படம் பிடிக்கப்பட்டது. 2006இல் வெளியான அந்தப் பதிவில் ஒலி கிடையாது. கேமரா முன் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்டதும் அதே சமயம்தானே? தொடர்பு உண்டா?

காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 விமானம் 1999 டிசம்பர் 24 அன்று கடத்தப்பட்டு, 25 முதல் 31 வரை கந்தஹார் விமான நிலையத்தில் நின்றது. ஜர்ரா அந்த நாட்களில் ஆப்கானிஸ்தானில்தான் இருந்தான். காலம் பொருந்துகிறது, அவ்வளவுதான். அந்தக் கடத்தலில் இவனுக்குப் பங்கு இருந்ததாக எந்த விசாரணையும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் யாரும் சந்தேகப்படவில்லையா?

பட்டார்கள். 2000 ஜனவரி 30 அன்று துபாய் விமான நிலையத்தில் அவனை நிறுத்தி விசாரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஜெர்மனிக்கு வந்ததும் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதியது வாங்கினான். பாகிஸ்தான் போய் வந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட். தாடியை மழித்தான், தீவிரப் பேச்சை நிறுத்தினான். பழைய ஸியாத் திரும்ப வந்துவிட்டான் என்று காதலிக்கு நிம்மதி. பைலட் ஆகப் போகிறேன் என்று அவன் சொன்னது அவளுக்கு நல்ல செய்தியாகவே பட்டிருக்கும்.

அமெரிக்க விசா எப்படிக் கிடைத்தது?

சுலபமாக. 2000 மே மாதம் பெர்லினில் கிடைத்தது. ராம்சி பின் அல் ஷிப்பும் பைலட்டாக வேண்டியவன்தான். அவனுக்கு மட்டும் விண்ணப்பித்த ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டார்கள். தீவிரவாதச் சந்தேகத்தால் வந்த மறுப்பு என்று நினைக்காதீர்கள். ஏழை நாடான ஏமனிலிருந்து வருபவன் வேலை தேடி அங்கேயே தங்கிவிடுவான் என்று பயந்தார்கள். விசா வரிசையில் நின்று அனுபவப்பட்ட நமக்கு இந்தத் தர்க்கம் புதிதில்லை.

விமானம் ஓட்ட எங்கே கற்றான்? சில மாதப் பயிற்சியில் பெரிய ஜெட் ஓட்ட முடியுமா?

2000 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் இறங்கினான். ஃபுளோரிடா மாநிலத்தின் வெனிஸ் என்ற ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் உடனே சேர்ந்தான். அத்தாவும் ஷேஹியும் அதே விமான நிலையத்தில் வேறொரு பள்ளியில் படித்தார்கள். சுற்றுலா விசாவில் வந்து முழு நேரப் படிப்பில் சேர்ந்ததே சட்ட மீறல். யாரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்டுக்குள் ஒற்றை இன்ஜின் விமானத்துக்கான தனியார் பைலட் உரிமம் கையில் இருந்தது. ஆண்டுக் கடைசியில் பெரிய ஜெட்களின் சிமுலேட்டரில் பயிற்சி எடுத்தான். தரையிலிருந்து எழுப்பவும் இறக்கவும்தான் அதிகத் திறமை வேண்டும். அந்த இரண்டுமே கடத்தியவர்களுக்குத் தேவைப்படவில்லை. வானத்தில் பறந்துகொண்டிருக்கும் விமானத்தைத் திருப்பி ஓர் இடத்தை நோக்கிச் செலுத்தத் தெரிந்தால் போதும்.

அப்படியும் அவன் ஒன்றும் பெரிய சூரன் இல்லை. 2001 கோடையில் பிலடெல்பியா பக்கம் ஒரு பள்ளிக்குப் போய், நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றை ஒட்டிய தாழ்வான வான்வழியில் பறக்க வேண்டும் என்று கேட்டான். உலக வர்த்தக மையத்தைக் கடந்து போகும் வழி அது. தனியாக ஓட்டும் தகுதி இல்லை என்று சொல்லி, பயிற்றுநரோடுதான் அனுப்பினார்கள்.

காதலிக்கு ஒன்றுமே தெரியாதா?

தெரியாது என்றுதான் விசாரணைகள் முடிவுக்கு வந்தன. நூற்றுக்கணக்கான தொலைபேசி அழைப்புகள், நிறைய மின்னஞ்சல்கள் என்று இருவரும் தொடர்பில் இருந்தார்கள். 2000 அக்டோபரில் ஜெர்மனி போய், அவளைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் சுற்றினான். 2001 ஜனவரியில் அவள் ஃபுளோரிடாவுக்கு வந்து பத்து நாள் தங்கினாள். அவன் விமானப் பயிற்சி எடுப்பதைக் கூடவே போய் ஒரு நாள் பார்த்தும் இருக்கிறாள். மறைத்து வைக்க வேண்டிய பயிற்சியையே அவளுக்குக் காட்டிவிட்டால் மறைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

கடைசி நேரத்தில் விலகப் பார்த்தான் என்கிறார்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதிலும் கொஞ்சம் நீளம்.

மற்ற பைலட்டுகளோடு ஒப்பிட்டால் ஜர்ராவின் பயணக் கணக்கு விநோதமானது. பயிற்சிக் காலத்தில் மட்டும் ஐந்து முறை அமெரிக்காவை விட்டு வெளியே போயிருக்கிறான். பாரிஸ் பயணத்தைச் சொன்னேன். 2001 ஜனவரி கடைசியில் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை என்று பெய்ரூட் போய், பிப்ரவரி கடைசி வரை இருந்தான். மார்ச் கடைசியில் மறுபடி ஜெர்மனி. தனியாகவே வாழ்ந்தான். முடிவுகளில் தன்னைச் சேர்ப்பதில்லை என்று அத்தா மேல் அவனுக்குக் கோபம். குடும்பத்தையும் காதலியையும் விட்டு விலக மாட்டேன் என்கிறானே என்று அத்தாவுக்கு எரிச்சல். நடுவில் சமாதானம் பேசுவது பின் அல் ஷிப்பின் வேலை.

2001 ஜூலை 25 அன்று ஒரு வழி டிக்கெட்டில் மியாமியிலிருந்து ஜெர்மனிக்குப் பறந்தான். விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டவன் அத்தா. திரும்பி வரமாட்டான் என்ற பயம் மேலிடத்துக்கே வந்துவிட்டது. திட்டத்தின் மூளையான காலித் ஷேக் முகமது பின் அல் ஷிப்போடு பேசிய சங்கேதப் பேச்சில், மனம் ஒத்துப்போகாத கணவன் மனைவி மாதிரி அத்தாவையும் ஜர்ராவையும் குறிப்பிட்டு, விவாகரத்து என்று வந்தால் செலவு அதிகமாகும் என்று கவலைப்பட்டிருக்கிறான். இவன் இடத்துக்கு விமானப் பயிற்சிக்காக அமெரிக்கா வந்திருந்த அல் கொய்தா ஆள் ஜக்கரியாஸ் மூசாவியைத் தயாராக வைக்கும் யோசனையும் ஓடியது.

டியூசல்டார்ஃப் விமான நிலையத்தில் பின் அல் ஷிப் காத்திருந்தான். முதலில் காதலியைப் பார்க்க வேண்டும், அப்புறம் பேசலாம் என்று ஜர்ரா சொல்லிவிட்டான். சில நாள் கழித்து இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். உணர்ச்சிகரமான பேச்சு அது. எடுத்த காரியத்தை முடி என்று பின் அல் ஷிப் வற்புறுத்தினான். ஆகஸ்ட் 5 அன்று ஜர்ரா அமெரிக்கா திரும்பினான்.

மூளைச்சலவை என்ற சொல்லை இவன் விஷயத்தில் ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு தடவை துவைத்துக் காயப்போட்டது போல நடக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் அம்மா, அப்பா, காதலி என்று எல்லோரும் இருந்தார்கள், அவர்களிடம் போய்த் தங்கியும் வந்தான். தங்கிவிட்டு ஒவ்வொரு முறையும் அவனே விமானம் ஏறினான். அவன் மனம் அலைபாய்ந்தது என்பதை ஏற்கிறேன். அதை அவனுக்குச் சாதகமான சாட்சியாக வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தாக்குதலுக்கு முன்பே போலீஸ் பிடித்ததாமே?

செப்டம்பர் 9, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். மேரிலாந்து மாநில நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் எல்லை உள்ள இடத்தில் 90 மைல் வேகத்தில் போனான் என்று காவலர் ஒருவர் நிறுத்தினார். 270 டாலர் அபராதச் சீட்டு கொடுத்து அனுப்பினார். ஜர்ரா பெயர் எந்தக் கண்காணிப்புப் பட்டியலிலும் இல்லை, ஆகவே அந்தக் காவலரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சீட்டு பிறகு, நியூயார்க் அருகேயுள்ள நுவார்க் விமான நிலையத்தில் நின்ற வாடகைக் காரில் கிடைத்தது.

விமானத்துக்குள் என்ன நடந்தது?

நுவார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போக வேண்டிய போயிங் 757. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது, நெரிசலால் 8:42க்குத்தான் எழுந்தது. மொத்தம் 44 பேர், கடத்தல்காரர்கள் நால்வர் உட்பட. ஜர்ரா முதல் வகுப்பில் இருந்தான். ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பு காதலிக்குப் போன் செய்து பேசினான்.

9:24க்கு விமானி அறைக்கு ஓர் எச்சரிக்கைச் செய்தி வந்தது. இரண்டு விமானங்கள் உலக வர்த்தக மையத்தில் மோதியிருக்கின்றன, யாரும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. விமானி நம்ப முடியாமல் உறுதிப்படுத்தக் கேட்டார். 9:28க்குத் தாக்குதல் தொடங்கிவிட்டது. சில நிமிடங்களில் ஜர்ரா, தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொண்டு, வெடிகுண்டு இருக்கிறது, உட்காருங்கள் என்று பயணிகளுக்கு அறிவித்தான். தரைக் கட்டுப்பாட்டு மையத்திலும் அது கேட்டது. பிறகு விமானத்தைக் கிழக்கே திருப்பினான்.

ஆனால் கிளம்பும்போது ஏற்பட்ட அந்தத் தாமதம் எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. பயணிகளும் பணியாளர்களும் வீட்டுக்குப் போன் செய்தார்கள், நியூயார்க் செய்தி அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை விமானக் கடத்தல் என்றால் பொறுமையாக இருந்தால் பிழைக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். இந்த விமானத்தில் இருந்தவர்கள் அது இனிப் பலிக்காது என்று அரை மணி நேரத்துக்குள் புரிந்துகொண்டு, கலந்து பேசி, வாக்கெடுத்து, 9:57க்குப் பாய்ந்தார்கள்.

ஜர்ரா விமானத்தை இடமும் வலமுமாகச் சாய்த்தான். மூக்கை மேலும் கீழும் ஆட்டினான். முடித்துவிடலாமா என்று அவன் கேட்பதும், இன்னும் இல்லை, எல்லோரும் வரட்டும் என்று மற்றவன் சொல்வதும் ஒலிப்பதிவுக் கருவியில் இருக்கிறது. கதவுக்கு வெளியே சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. 10:03க்கு, மணிக்கு சுமார் 580 மைல் வேகத்தில், ஷாங்க்ஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே விமானம் தலைகீழாக விழுந்தது.

இலக்கு எது? சுட்டு வீழ்த்தப்பட்டது என்பது உண்மையா?

வாஷிங்டன் விமான நிலையத்தின் வழிகாட்டி அலைவரிசையை 9:55க்கு ஜர்ரா பொருத்தியிருந்தான். ஆகவே வாஷிங்டன் என்பதில் சந்தேகமில்லை. நாடாளுமன்றக் கட்டடமோ வெள்ளை மாளிகையோ. விழுந்த இடத்திலிருந்து அது இருபது நிமிடப் பறப்பு.

சுட்டு வீழ்த்தியது வதந்தி. இந்த விமானம் கடத்தப்பட்ட தகவலே ராணுவ வான் பாதுகாப்புப் பிரிவுக்கு 10:07க்குத்தான் போனது. அப்போது விழுந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

மற்ற விமானங்களில் ஐந்து பேர், இதில் ஏன் நான்கு?

ஐந்தாவதாக வரவேண்டியவன் முகமது அல் கஹ்தானி என்று கருதப்படுகிறது. 2001 ஆகஸ்ட் 4 அன்று ஆர்லாண்டோ விமான நிலையத்தில் ஒரு குடியேற்ற அதிகாரிக்கு அவன் பதில்கள் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். வெளியே அத்தா காத்திருந்தான்.

இவ்வளவு விவரமும் எங்கிருந்து தெரிந்தது? நம்பலாமா?

விசா, பயிற்சிப் பதிவுகள், டிக்கெட், தொலைபேசிக் கணக்கு, விமான ஒலிப்பதிவு எல்லாம் கைக்குக் கிடைத்த சாட்சிகள். அவற்றை நம்பலாம். ஆனால் அத்தாவோடு சண்டை, டியூசல்டார்ஃப் சந்திப்பு போன்ற உள்விவகாரங்களில் பெரும்பகுதி காலித் ஷேக் முகமதுவும் பின் அல் ஷிப்பும் பிடிபட்ட பிறகு சொன்னது. இருவரையும் சிஐஏ ரகசியச் சிறைகளில் வைத்துச் சித்திரவதை செய்தது. அப்படிக் கிடைத்த வாக்குமூலத்தை ஒரு கண் திறந்தபடிதான் படிக்க வேண்டும். பயணத் தேதிகளோடு பொருந்தும் அளவுக்கு மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

குடும்பம் என்ன சொன்னது?

நம்ப மறுத்தார்கள். அவனும் மற்றவர்களைப் போல ஒரு பயணிதான் என்றார்கள். இடிபாடுகளில் அவன் விசாவின் கருகிய பகுதி கிடைத்தது. காதலிக்கு அவன் எழுதிய கடிதமும் இருக்கிறது. செப்டம்பர் 10 தேதியிட்டது. முகவரி தவறாக எழுதியதால் அவளுக்குப் போய்ச் சேராமல் அமெரிக்காவுக்கே திரும்பி வந்து அதிகாரிகள் கையில் சிக்கியது. செய்ய வேண்டியதைச் செய்தேன், பெருமைப்படு என்ற தொனியில் எழுதியிருந்தான்.

ஷாங்க்ஸ்வில்லில் இப்போது என்ன இருக்கிறது?

தேசிய நினைவிடம். விழுந்த இடத்தில் ஒரு பெரிய மணற்கல் பாறையை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வெள்ளைப் பளிங்குச் சுவர், அதில் 40 பெயர்கள். 33 பயணிகள், 7 பணியாளர்கள். 93 அடி உயரக் கோபுரம் ஒன்றும் உண்டு. அதில் 40 மணிகள் தொங்குகின்றன, காற்றடித்தால் ஒலிக்கும். ஜர்ராவின் பெயர் அங்கே எங்கும் பொறிக்கப்படவில்லை.